மெடிக்கல் ஷாப்பில் கேட்ட போன் நம்பரும், நான் போட்ட ஒரு படமும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். பாதியில் விட்டாலும் வருத்தம் இல்லை. கடைசிப் பத்தியை மட்டும் பார்த்துவிடுங்கள், அதில் உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

போன வாரம் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். மாதா மாதம் வாங்கும் பிரஷர் மாத்திரைதான். கடையில் புதுப் பையன்.

"போன் நம்பர் சொல்லுங்க சார்."

"எதுக்குப்பா?"

"பில்லு போட சார்."

"பில்லுல பேரு போட்டா போதாதா?"

"நம்பர் அடிக்கலைன்னா சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போகாது சார்."

நான் நம்பர் தர மாட்டேன் என்று நின்றேன். எனக்குப் பின்னால் நான்கு பேர். அதில் ஒருவர் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "என்னங்க சார், உங்க நம்பரை வச்சு அவன் என்ன பண்ணப் போறான்? ரிட்டையர்டு வாத்தியாருக்கு என்ன ரகசியம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. அந்தப் பையன் பத்து ஒன்பதுகளை வரிசையாக அடித்து பில்லை நீட்டினான். சிஸ்டம் ஒழுங்காக அடுத்த பக்கத்துக்குப் போனது.

பில் போடுவதற்கு வாடிக்கையாளரின் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. எண் கொடுக்காதவருக்குப் பொருள் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்றும் சொன்னது. இதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது. வகுப்பிலும் எனக்கு இப்படித்தான், நல்ல பதில் எல்லாம் மணி அடித்த பிறகுதான் வரும்.

நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் நம்பரை வைத்து என்ன செய்வார்கள்? நம்பர் தனியாக இருந்தால் ஒன்றும் இல்லை. அதற்குப் பக்கத்தில் நான் மாதா மாதம் என்ன மாத்திரை வாங்குகிறேன், எத்தனை வருடமாக வாங்குகிறேன், எந்த மாதம் டோஸ் கூடியது என்பதெல்லாம் வரிசையாக எழுதப்படும்போதுதான் அது வேறு பொருள் ஆகிறது. சர்க்கரைக்கு, மனநலத்துக்கு, குழந்தை இல்லாமைக்கு மருந்து வாங்குகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பட்டியல் கடைக்காரரின் கம்ப்யூட்டரோடு நிற்குமா, சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவரிடமும் இருக்குமா என்று அந்தப் பையனுக்கும் தெரியாது. அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை.

ஆனால் நான் இந்த விஷயத்தில் இப்படி முரண்டு பிடிப்பதற்கு மெடிக்கல் ஷாப் காரணம் இல்லை. நானே செய்த ஒரு தவறுதான் காரணம். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, எழுதியதைப் படித்துக் காட்டி, அவர் எடுக்கச் சொன்ன இரண்டு வாக்கியங்களை எடுத்துவிட்டுத்தான் இதைப் போடுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

முதலில் பழைய கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1980களில், ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகைக்குப் பட்டியல் தயாரிப்பது வகுப்பாசிரியர் வேலை. எல்லோரும் செய்வதுபோல நானும் வகுப்பில் நின்று, "ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றேன். ஏழு பேர் எழுந்தார்கள். எட்டாவதாக ஒரு பையன் எழுந்திருக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தான். நான் எழுதி முடிக்கும்வரை பெஞ்சின் மேல் இருந்த கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். இதை ஜன்னல் வழியாகப் பார்த்த தலைமையாசிரியர் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "சார், ஒவ்வொருத்தனா ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு எழுதுங்க. நாப்பது பேர் முன்னாடி நிக்க வச்ச பையன் உட்கார்ந்த பிறகும் நின்னுக்கிட்டேதான் இருப்பான்" என்றார். அதற்குப் பிறகு முப்பது வருடம் ஒரு நாளும் நான் வகுப்பில் பட்டியல் வாசித்ததில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் சாதி, அப்பா பெயர் இல்லாத இடம், அம்மாவின் கைநாட்டு எல்லாம் இருக்கும். அது பீரோவில் இருக்கும், சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும். அப்போது பிரைவசி என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. பிள்ளைகளைப் பற்றித் தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

இப்படிப் பழகிய நான் 2014-ல் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். மகன் ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்த புதிது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு மாணவி, அப்பா இல்லை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பழைய மாணவர்கள் சேர்ந்து கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் திரட்டினோம். பள்ளியில் வைத்து அந்தப் பெண்ணின் கையில் காசோலையைக் கொடுத்துப் படம் எடுத்தேன். இதே பக்கத்தில் போட்டேன். பெயர், ஊர், மதிப்பெண், அப்பா எப்படி இறந்தார், வீட்டுக் கூரை எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் உருக்கமாக எழுதினேன். எண்ணூறுக்கு மேல் லைக். நூறு பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். இரண்டு மூன்று தளங்கள் எடுத்துப் போட்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்பது பேர் முன்னால் செய்யக் கூடாது என்று கற்றுக்கொண்டதை ஊர் உலகத்துக்கு முன்னால் செய்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்தப் பெண்ணிடம் "போடட்டுமா அம்மா?" என்று கேட்டேனா? கேட்டிருந்தாலும் காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்ன சொல்லியிருக்க முடியும்?

போன வருடம் அவரிடமிருந்து போன். நல்ல வேலையில் இருக்கிறார். நலம் எல்லாம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், நீங்க நல்ல எண்ணத்துலதான் போட்டீங்க. எனக்குத் தெரியும். ஆனா என் பேரையும் ஊரையும் போட்டுத் தேடினா முதல்ல அந்தப் படம்தான் சார் வருது." பெண் பார்க்க வந்தவர்கள் அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். ஒரு அம்மாள் மட்டும் அவருடைய தாயிடம் போனைக் காட்டி, "இப்படித்தான் படிக்க வச்சீங்களா?" என்று கேட்டிருக்கிறார். பாராட்டாகவே கேட்டிருக்கலாம். அந்தத் தாய் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

போனை வைத்த உடனே பதிவை நீக்கினேன். பிறகு உட்கார்ந்து என் பக்கம் முழுவதையும் பார்த்தேன். மாணவர்கள் படம் முப்பத்தேழு இருந்தது. பரிசு வாங்கிய படங்கள் இருந்தன, சைக்கிள் வாங்கிய படங்கள் இருந்தன, காலில் கட்டுப் போட்ட ஒரு பையன்கூட இருந்தான். எல்லாவற்றையும் எடுத்தேன். ஆனால் மற்றவர்கள் எடுத்துப் போட்டது? ஒரு தளத்துக்கு எழுதியதும் இரண்டு நாளில் நீக்கினார்கள், நன்றி. ஒன்று இயங்கவே இல்லை, ஆனாலும் தேடினால் படம் வருகிறது. மூன்றாவது தளத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அவர்கள் கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றுக்குப் பதில் இல்லை. நான்காவது திரும்பி வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் படத்துக்கு மேலேயும் கீழேயும் விளம்பரம் ஓடுகிறது. ஒரு ஏழை வீட்டுக் கதையைப் பத்து வருடமாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

இந்த அலைச்சலில்தான் சட்டத்தைப் படித்தேன். சமூக அறிவியல் வாத்தியாருக்குச் சட்டம் படிப்பது பழைய வழக்கம். 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆதாரை எதிர்த்து அந்த வழக்கைத் தொடுத்தவர் கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2012-ல் மனுப் போட்டபோது அவருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. ரிட்டையர்டு ஆளுக்கு என்ன ரகசியம் என்று கேட்ட நண்பர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

அந்தத் தீர்ப்புக்கு ஆறு வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் வர இன்னும் இரண்டு வருடம், 2025 நவம்பர். நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். நல்ல அம்சங்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் தகவலை எதற்காக வாங்குகிறார்கள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், அதைத் தமிழ் உள்பட 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்க வழி இருக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம். பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

அந்த 250 கோடி யாருக்குப் போகும்? மத்திய அரசின் கஜானாவுக்கு. தகவல் கசிந்து பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு, கவனக்குறைவாக இருந்த நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சொன்னது. புதுச் சட்டம் அந்தப் பிரிவையே நீக்குகிறது. ஆனால் நாம் வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தால் நமக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வகுப்பில் பேனா திருடு போனால் திருடிய பையனிடம் ஐந்து ரூபாய் வாங்கி ஹெட்மாஸ்டர் பையில் போட்டுக்கொள்வதும், பறிகொடுத்தவனைப் பார்த்து "பொய்யா இருந்தா தொலைச்சுடுவேன்" என்பதும் போல இருக்கிறது.

அரசு விரும்பினால் தன் அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்துக்கொள்ளலாம். அதே சமயம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். தனிநபர் தகவலாக இருந்தாலும் பொது நலன் இருந்தால் தரலாம் என்று முன்பு அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். ஊராட்சியில் யார் யாருக்கு வீடு ஒதுக்கினீர்கள் என்று கேட்டால், அது தனிநபர் தகவல், தர முடியாது என்று அதிகாரி சொல்ல வசதியாகப் போய்விட்டது. பீரோ சாவி இப்போது தப்பான ஆளிடம் இருக்கிறது என்பது என் கருத்து.

அரசுக்கே இதில் தெளிவு போதாது. 2022 மே மாதக் கடைசியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை எந்த நிறுவனத்திடமும் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள் என்று எச்சரித்தது. இரண்டே நாளில் அந்த எச்சரிக்கையை வாபஸ் வாங்கினார்கள், தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறதாம். அதற்குள் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர், "என்ன சார், நம்ம பொழப்புக்கே உலை வைக்கிறாங்களே" என்று கேட்டுவிட்டார்.

கம்பெனிகள் விஷயத்துக்கு வந்தால், அவர்களை நல்லவர், கெட்டவர் என்று பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. வியாபாரம் செய்கிறார்கள், எதுவரை விடுகிறோமோ அதுவரை வருவார்கள். 2021-ல் வாட்ஸ்அப் புது நிபந்தனைகளை ஏற்கச் சொன்னபோது எல்லோரும் கொதித்தோம். நானும் சிக்னல் இறக்கினேன். அங்கே நானும் என் மகனும் மட்டும் இருந்தோம். "சாப்டியா?" என்று இரண்டு நாள் மாறி மாறிக் கேட்டுவிட்டு வாட்ஸ்அப்புக்கே திரும்பினோம். பால்காரர், பென்ஷனர் சங்கம், பேரன் பள்ளி எல்லாம் அங்கே இருக்கும்போது 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? இந்தியப் போட்டி ஆணையமும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஏற்றுக்கொள் இல்லையேல் வெளியேறு என்று திணித்தது தவறு என்று 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தனி மனிதன் கோபித்துக்கொண்டு வெளியேறி ஒன்றும் ஆகாது, ஒழுங்குபடுத்த ஒரு அமைப்பு வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

விதி போட்டால் மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். சில வருடம் முன்பு முன்பின் தெரியாத ஒருவன் போன் செய்து, என் பழைய மாணவன் ஒருவன் பெயரைச் சொல்லி, "உங்க ஸ்டூடண்ட் கடன் வாங்கிட்டு கட்டல, நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?" என்றான். ஏதோ ஒரு கடன் செயலி. அந்தப் பையன் போனில் இருந்த அத்தனை பேருக்கும் இதே மாதிரி போயிருக்கிறது. பெண் கொடுத்த வீடு, வேலை செய்யும் இடம், சலூன் கடைக்காரர் வரை. ஐயாயிரமோ ஆறாயிரமோ கடன். சம்மதம் கொடுத்தவன் அவன், மாட்டியது நாங்கள் எல்லோரும். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில், கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்பு எண்கள், படங்கள், அழைப்பு விவரங்களைத் தொடக் கூடாது என்று விதித்தது. அடுத்த வருடம் கூகுளும் தன் பிளே ஸ்டோரில் கடன் செயலிகளுக்கு அதையே விதியாக்கியது. திருட்டுச் செயலிகள் இன்னும் உண்டு. ஆனால் அந்த விதிக்கு முன்னால் அந்த மிரட்டல்காரனிடம் "இது தப்பு" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. இப்போது எந்த விதிப்படி தப்பு என்று சொல்லலாம்.

எல்லா விதியும் உருப்படியானது என்றும் சொல்ல மாட்டேன். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால் பெற்றோர் அனுமதியைச் சரிபார்த்த பிறகே தகவலை எடுக்க வேண்டும் என்கிறது புதுச் சட்டம். நம் வீடுகளில் அப்பா அம்மாவுக்கு ஓடிபி பார்த்துச் சொல்வதே அந்தப் பிள்ளைதான். டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை போலும்.

இனி என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு. என் மாணவியின் விஷயத்தில் குற்றவாளி பெரிய கம்பெனி இல்லை, நான். தனி ஆள் தன் சொந்த உபயோகத்துக்குச் செய்வது இந்தச் சட்டத்துக்குள் வராது. பெருமைக்காகப் படம் போடும் வாத்தியாரைப் பிடிக்க எந்தச் சட்டமும் வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். ஆனால் இப்போது பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பதைப் பாருங்கள். ஒரு தனியார் பள்ளியில் கட்டணம் கட்டாத பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைப் பெற்றோர் குழுவில் போட்டார்கள். என் பேரன் வகுப்பு. இருநூறு வீடுகளில் அந்தப் பட்டியல். நான் நேரில் போய், வயதைக் காட்டிப் பேசி, எடுக்க வைத்தேன். எடுத்தார்கள். அதற்குள் எத்தனை பேர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்களோ. மார்க் பட்டியல், கண்ணீரும் கம்பலையுமாக நிற்கும் பிள்ளையின் வீடியோ, நிவாரணப் பொருள் வாங்கும் கைகள், எல்லாம் தினமும் வருகிறது. பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே தனியார் கல்லூரிகளிலிருந்து பெற்றோருக்குப் போன் வருகிறதே, அந்த எண்கள் எந்த வழியாகப் போயின என்று ஒவ்வொரு பள்ளியும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். உதவி செய்யும்போது படம் வேண்டும் என்றால் காசோலையை மட்டும் படம் எடுங்கள். நன்கொடை தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட அது போதும்.

இப்போது அந்த உதவி. 2014 முதல் 2019 வரை என் பக்கத்திலிருந்து மாணவர் படம் எதையாவது எடுத்து உங்கள் பக்கத்திலோ குழுவிலோ போட்டிருந்தால், எந்தப் படமாக இருந்தாலும், தயவுசெய்து தேடி நீக்கிவிடுங்கள். பழைய மாணவர் சங்கத்தின் நண்பர்கள் நம் குழுவின் பழைய ஆல்பங்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த மூன்றாவது தளத்தை நடத்துபவர் யார் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனிச் செய்தியில் சொல்லுங்கள், நேரிலேயே போய்க் கேட்கிறேன். "அந்தப் பெண் யார் சார்?" என்று மட்டும் கமெண்டில் யாரும் கேட்க வேண்டாம்.